கடல் பக்கம் திரும்பியவர்கள்

வரிசையில் லூர்துமேரிக்கு முன்னால் நின்ற இளைஞன், இன்றைக்கு யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்று அவளிடமே கேட்டான். சொன்னாள். "ஓ" என்றபடி நுழைவாயில் கேமராவுக்கு முகத்தைக் காட்டினான். திரையில் இருபது ரூபாய் என்று வந்தது. கதவு திறந்தது, போய்விட்டான்.

அடுத்து அவள் முகம். திரை சற்று நேரம் சுழன்றது. நாலாயிரத்து அறுநூறு.

"இன்னா யக்கா, கிரவுண்டையே எழுதி வாங்கப் போறியா?" என்றாள் பின்னால் நின்றவள். வரிசை சிரித்தது.

லூர்து சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. ஒதுங்கி நின்றாள். ஷேர் ஆட்டோவை ஒரு வாரம் முழுக்க ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் ஓட்டினால் கையில் நிற்கிற பணம் அது. உள்ளே ஒலிபெருக்கி ஹார்பர் கிளப் பெண்கள் அணியின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. முதல் பெயர் கோல்கீப்பருடையது. ரோஸ்லின். அவள் மகள். கிளப்புக்காக அவள் ஆடும் முதல் ஆட்டம்.

நுழைவாயிலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவன் நிர்மல். விலைப் பிரிவுக்காரன், சின்ன வயது, நல்ல பழக்கம். எழுந்து நின்று நாற்காலி காட்டினான்.

"தப்பா எதுவும் வரல மேடம். நான் பாத்துட்டேன். இது காசு இருக்கிறவங்களுக்கு ஏத்துற விலை இல்ல. அது பழைய முறை. இப்போ ஆசைக்கு ஏத்த விலை."

"ஆசைக்கா?"

"உள்ள இருக்கிற கேமரா ஆட்டம் பூரா உங்க முகத்தைப் பாக்குது. சும்மா வந்துட்டுப் போறவங்களுக்கு விலை குறையும். வராம இருக்கவே முடியாதுங்கிறவங்களுக்கு ஏறும்."

"எம் மூஞ்சில ஒண்ணும் தெரியாதேப்பா. ஊரே சொல்லும்."

நிர்மல் திரையைத் திருப்பிக் காட்டினான். அதில் அவள் முகம் இருந்தது, போன வருஷத்து ஆட்டங்களிலிருந்து. கல்லாகத்தான் இருந்தது. "முகம் அசையலதான். ஆனா கண்ணு பந்தை விட்டு விலகவே இல்ல. நீங்க இமைக்கிறதே இல்ல மேடம். இந்த மைதானத்துலயே உங்களுக்குத்தான் ஒசந்த விலை."

"உள்ள ஆடுறது எம் பொண்ணு."

அவன் கொஞ்சம் தடுமாறினான். "அது சிஸ்டத்துக்குத் தெரியாது." பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்பது போல, "தெரிஞ்சா இன்னும் ஏறும்" என்றான்.

அவள் வாசல் பக்கம் நகர்ந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்தினான். "மத்தவங்க மாதிரி பண்ணுங்களேன். அப்பப்போ எந்திரிச்சு, திரும்பி நின்னு, டீ வாங்கப் போங்க. ஆட்டத்தைப் பாக்காதவங்க ஆர்வமில்லாதவங்கன்னுதான் அதுக்குக் கணக்கு. வேற எங்கயோ உள்ள ஆளுங்க முகத்தை வெச்சுப் பழக்கினது. அதுக்கு வேற தெரியாது."

லூர்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே கிழக்கு ஸ்டாண்டின் மதிலுக்கும் கடலோரத்துப் பாறைகளுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு மண் இருந்தது. மதிலில் சாய்ந்து நின்று, முதுகால் ஆட்டத்தைக் கேட்டாள். கைதட்டல் கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை.

அந்தக் கிழக்கு ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோலுக்கு நேர் பின்னால், சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிற மோசமான இடம் அது. அதனாலேயே அது எப்போதும் ராயபுரத்துக்காரர்களின் இடம். அவர்களிடம் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. பெனால்டி என்று விசில் ஊதினால் ஸ்டாண்டே எழுந்து ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். என்றைக்கோ, மண் மைதானக் காலத்தில், பார்க்கப் பயந்து திரும்பிக்கொண்ட ஒருவனால் கோல் விழாமல் போயிற்று என்று தொடங்கியது. இப்போது காரணம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. விசில் ஊதினால் உடம்பு தானாகத் திரும்பும்.

ஒரே ஓர் ஆள் மட்டும் திரும்பக் கூடாது. ஸ்டாண்டின் உச்சிப் படியில், மதிலை ஒட்டிய இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் 'கண்ணு'. நல்லது நடந்தால் கண்ணு கம்பியில் ஓங்கி ஓர் அடி அடிக்கும். கெட்டது நடந்தால் சும்மா நிற்கும். அவ்வளவுதான் அறிவிப்பு. முகத்தை வைத்து முன்கூட்டியே யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் கல் போன்ற முகமுள்ள ஆளைத்தான் நிறுத்துவார்கள். பல வருஷமாக அது லூர்துமேரி. "லூர்து சும்மா நின்னா செத்தோம்" என்பது அங்கே பழமொழி.

இப்போது கண் மதிலுக்கு வெளியே நின்றது.

ஆட்டங்கள் நடந்தன. ரோஸ்லின் ஆடினாள், லூர்து கடலைப் பார்த்து நின்றாள். ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"யம்மா, உள்ள இன்னா நடக்குது தெரியுமா? எனக்குப் பின்னாடி சத்தமே இல்ல. நம்ம ஆளுங்கதான் உக்காந்துனுக்கிறாங்க. ஆனா செத்த வூட்டுக்கு வந்த மாதிரி. நான் பாய்ஞ்சு பந்தைப் புடிச்சா, அய்யூப் பாய் பக்கோடா துன்னுனுக்கிறாரு."

"வெல ஏறிடும்ல. பயம்."

"நீ உள்ள வா. நான் குடுக்குறேன் துட்டு."

"உன் சம்பளத்தை அவனுக்கே திருப்பிக் குடுக்கவா நீ ஆடுறே?"

அத்தோடு பேச்சு நின்றது. அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நிற்கும். ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு மீதியைச் சாப்பிட்டு முடிப்பார்கள்.

அய்யூப் பாய்க்கு எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பஞ்சர் கடை. அடுத்த வாரம் லூர்துவின் ஆட்டோ டயர் அங்கே போய்ச் சேர்ந்தது. பாய் டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்.

"எனக்கு அறுபது ரூபா வரைக்கும் வந்துச்சு தெரியுமா? ஆயிரத்துல இருந்தேன். எறக்கிட்டேன்ல. கோல் வுழும்போது நேரா கீழ பாப்பேன். செருப்பைப் பாப்பேன். நாக்கைக் கடிச்சுக்குவேன். நம்ம ஆளுங்க எல்லாம் அப்டித்தான் கத்துக்கினாங்க. ரெண்டு மாசத்துல பழகிடும்."

"நல்லதுதான் பாய்."

"இன்னாத்த நல்லது." அவர் டியூபைத் திருப்பினார். குமிழி எதுவும் வரவில்லை. "எம் பேத்திக்கு ஆபரேசன் ஆச்சில்ல. நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டரு வெளிய வந்து சொல்றாரு. மருமவ அழுவுறா, சிரிக்கிறா. நான் நிக்கிறேன். உள்ளாற எல்லாம் கீது லூர்து. மேல வரமாட்டேங்குது. வாயைத் தொறந்து பாக்குறேன், மூஞ்சி அசையல. அந்தப் பொண்ணு என்னையே பாக்குது. 'மாமா, உங்களுக்கு சந்தோசமே இல்லியா?'ன்னு கேட்டுச்சு."

தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. பாய் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"போன ஆட்டத்துல பெனால்டி. விசில் ஊதினதும் எல்லாம் திரும்பிட்டோம். கம்பிகிட்ட பாத்தா கண்ணைக் காணோம். நீதான் வெளிய கீறியே. எதிர் டீம் கத்துனப்பதான் கோல்னே தெரிஞ்சுது. ஆனா ஒரு கூத்து பாரு, மறுநாள் எனக்குப் பத்து ரூபா! அறுபது பத்தாயிடுச்சு. எல்லாருக்கும் அப்டித்தான்."

பாய் டியூபைத் துடைத்தார், தேய்த்தார், பசை தடவினார், ஒட்டு வைத்து அமுக்கினார், டயருக்குள் திணித்தார், காற்றடித்தார். அவ்வளவு நேரமும் லூர்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்மல் தாழ்ந்த குரலில் சொன்னது நினைவில் வந்தது. கடைசியில் சொன்னாள்:

"முதுகுக்கு மூஞ்சி இல்லியே பாய்."

"இன்னாது?"

"திரும்பி நின்னா அதால பாக்க முடியாது. பெனால்டிக்கு மட்டும் எதுக்குத் திரும்பணும்? ஆட்டம் பூரா திரும்பிக்கங்க. கத்துங்க. அழுங்க. இன்னா வேணா பண்ணுங்க."

பாய் கையில் ஸ்பேனரோடு நின்றார். "அப்ப ஆட்டத்தை எப்டிப் பாக்குறது?"

"இப்ப மட்டும் பாக்குறீங்களா?"

பாய் சிரிக்கப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று தொடங்கிப் பாதியில் நின்றது. "கண்ணு வேணுமே" என்றார். "உன் வெலைக்கு எங்க போறது?"

அதற்குப் பதிலோடு கிழக்கு ஸ்டாண்டுதான் வந்தது. அரையிறுதி ஆட்டத்தன்று காலையில் பாயும் இன்னும் நாலு பேரும் ஆட்டோ ஸ்டாண்டில் வந்து நின்றார்கள். சில்லறையும் நோட்டுமாகக் கனத்த ஒரு மஞ்சள் பையை அவள் சீட்டில் வைத்தார்கள். அவள் பையைத் திருப்பி நீட்டினாள்.

"உனுக்கு யாரு குடுத்தா?" என்றார் பாய். "இது எங்க கண்ணுக்கு. நீ சும்மா தூக்கினு வர்றே, அவ்ளோதான்."

இந்த முறை கேமராவுக்கு முகம் காட்டியபோது ஐயாயிரத்து இருநூறு என்றது திரை. வராமல் இருந்ததற்கும் சேர்த்து ஏற்றியிருந்தது. கட்டினாள்.

இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் வந்தன. கிழக்கு ஸ்டாண்டு எழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே, ஒரு கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரி வரிசை வரிசையாகத் திரும்பி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. எதிரே மதில், மதிலுக்கு மேலே கடல், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். மதிலை ஒட்டி உச்சிப் படியில் லூர்து. எல்லா முகமும் அவளைப் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பெனால்டிக்கு ஓர் அடி போதும். முழு ஆட்டத்துக்குப் பேச வேண்டும்.

விசில் ஊதியது. பந்து நகர்ந்தது. அவள் பார்த்தாள். ஸ்டாண்டு காத்திருந்தது.

"யக்கா, ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சா, இல்ல கரண்டு போயிடுச்சா?" என்றது ஒரு குரல்.

"பந்து... நம்மகிட்ட கீது" என்றாள்.

"யாருகிட்ட?"

"ஏழு. ஏழுகிட்ட. தள்ளிட்டா. போச்சு. இல்ல, திரும்ப வாங்கிட்டா. ஓடுறா. ஓடுறா. இடது பக்கம். யாரும் கூட இல்ல. ஒருத்தி வர்றா. அடிச்சிட்டா. மேல."

"அய்யோ!" என்றது ஸ்டாண்டு மொத்தமும். எத்தனை மாதத்துக்கு அப்புறம்!

வாழ்நாளில் அவள் அவ்வளவு பேசியதில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாக, அலங்காரமில்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள். அவள் நிறுத்தினால் கூட்டம் மூச்சை நிறுத்தியது. எதிர் அணி முன்னேறினால் கீழே பெண்கள் சேலைத் தலைப்பைக் கடித்தார்கள். ஹார்பர் ஒரு கோல் போட்டபோது அவள் கம்பியில் அடித்தாள், ஸ்டாண்டு வெடித்தது. முகம் தெரியாத அந்த வெடிப்பை எதிர்ப்பக்கக் கேமராக்கள் வெறும் முதுகுகளாகக் கண்டு, ஆர்வமில்லை என்று குறித்துக்கொண்டன. ஆட்டம் பார்க்கிற முகம் அந்த ஸ்டாண்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இமைக்கவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் தன் விலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை எந்த மஞ்சள் பைக்கும் அது அடங்காது. இதுதான் அவள் உள்ளே நின்று பார்க்கப்போகும் கடைசி ஆட்டம். அதனால் எதையும் விடாமல் பார்த்தாள். இரண்டாம் பாதியில் ரோஸ்லின் இந்தப் பக்கக் கோலுக்கு வந்தாள். லூர்து மகளின் முதுகைப் பார்த்தாள். கழுத்தில் வியர்வையில் ஒட்டிய முடியைப் பார்த்தாள். பந்தைப் பிடிக்கக் குனியும்போது அவள் அப்பாவைப் போலவே இடது தோள் தாழ்வதைப் பார்த்தாள். அதையும் சொல்லிவிட்டாள்.

"தோளைச் சொல்லாதமே, பந்தைச் சொல்லு!" என்று கத்தினார் பாய். ஸ்டாண்டு சிரித்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஹார்பர் ஒரு கோல் முன்னால் இருந்தது. கோலுக்கு முன்னால் ஒரு தள்ளுமுள்ளு, ஒருத்தி விழுந்தாள். நீண்ட விசில்.

"பெனால்டி" என்றாள் லூர்து. "அவங்களுக்கு."

அந்தச் சொல் அவர்கள் காதுக்குப் போகவே இல்லை, உடம்புக்குப் போனது. அத்தனை வருஷத்துப் பழக்கம். பெனால்டி என்றால் திரும்ப வேண்டும். கிழக்கு ஸ்டாண்டு முழுதும் ஒரே ஆளைப் போலத் திரும்பியது.

திரும்பிய பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. வெயில் முகத்தில் அடித்தது. எதிரே பச்சை மைதானம், கேமராக்கள், பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும் ஒரு பெண், கோலில் கைகளை விரித்து நிற்கும் ரோஸ்லின். மதிலைப் பார்த்து மறுபடி திரும்பிவிட நேரம் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் பாதி திரும்பவும் செய்தார். பிறகு, "போடா" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நேராக நின்றார். வேறு யாரும் அசையவில்லை. பார்த்தார்கள். வாயைத் திறந்துகொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, மறைக்காமல், முகம் முழுக்கப் பார்த்தார்கள்.

லூர்து அவர்களுடைய பின்னந்தலைகளைப் பார்த்தாள். இத்தனை பேர் பார்க்கிறார்கள். கண் தேவையில்லை இப்போது. இத்தனை வருஷமாக இவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கேலியாகக்கூட நினைத்திருக்கிறாள். அவள் மெதுவாகத் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தாள்.

ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஒரு காகம் மதில்மேல் நடந்தது. பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நீளமான மௌனத்தை, மௌனத்திலேயே வாழ்ந்தவள், அறிந்ததில்லை.

கைக்குள் இரும்பு அதிர்ந்தது. அதிர்வுக்குப் பின்னால்தான் சத்தம் வந்தது. படியேறி ஓடிவந்த அய்யூப் பாய் ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கையால் கம்பியில் அறைந்துகொண்டே இருந்தார். அடுத்து இன்னொரு கை. இன்னொரு கை. அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த சேதி முதல் தடவையாக அவளுக்குச் சொல்லப்பட்டது. திரும்பிப் பாயின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீரும் மூக்குநீருமாக, கோணலாக, அசிங்கமாக, அது முழுதாகத் திறந்திருந்தது.

"புடிச்சிட்டாமே! உம் பொண்ணு புடிச்சிட்டா! மூஞ்சி வந்துடுச்சு பாரு, எனக்கு மூஞ்சி வந்துடுச்சு!"

மறுநாள் காலையில் போன்கள் ஒலித்தன. இறுதி ஆட்டத்துக்கான விலை. அய்யூப் பாய்க்கு ஐயாயிரம். சேலைத் தலைப்பைக் கடித்தவர்களுக்கு அதற்கும் மேலே. "போடா" என்று சொன்னவருக்குக் கிளப் வரலாற்றிலேயே உயர்ந்த விலை; அவர் அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். கிழக்கு ஸ்டாண்டில் ஒருவரும் உள்ளே போக முடியாது.

லூர்துவின் போனில் வந்தது வேறு மாதிரி இருந்தது. ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததை எந்திரம் கவனித்திருந்தது. அவளைப் பற்றி அது வைத்திருந்த எல்லாக் கணக்கையும் அந்த ஒரு நொடி அழித்துவிட்டது.

'கால்பந்து உங்களை இன்னும் கவரவில்லை என்று தெரிகிறது. ஒரு வாய்ப்புக் கொடுங்கள். இறுதி ஆட்டத்துக்கு உங்களுக்கு அனுமதி இலவசம்.'

ரோஸ்லின் அதைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. லூர்துமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இறுதி ஆட்டத்தன்று மற்ற மூன்று பக்கமும் இருபது ரூபாய்க்காரர்களால் நிறைந்தது. கிழக்கு ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. வெயில் அடிக்கிற இடத்துக்குச் சும்மா கொடுத்தாலும் புதிய ஆள் வரமாட்டான். வெறும் படிகளின் உச்சியில், கம்பிக்குப் பக்கத்தில், லூர்து மட்டும் நின்றாள்.

நிர்மல் மூச்சு வாங்க ஏறி வந்தான். ஒளிபரப்புக்காரர்கள் கோலுக்குப் பின்னால் கூட்டம் எங்கே என்று கேட்டுக் கத்துகிறார்களாம்.

"மேடம், எல்லாரும் எங்க?"

"திரும்பி நிக்கிறாங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் மதிலுக்கு அப்பால் கையைக் காட்டினாள். எட்டிப் பார்த்தான். பாறைகளுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த மண்ணில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, கிழக்கு ஸ்டாண்டு மதிலில் முதுகைச் சாய்த்துக் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அய்யூப் பாய் பேத்தியைத் தோளில் வைத்திருந்தார். பேத்தி அவனுக்குக் கையாட்டியது.

நிர்மல் நெடுநேரம் பார்த்தான். பிறகு, கிளப்புக்காரனாக இல்லாமல், "இன்னைக்கு நீங்க பார்த்தா அடுத்த சீசன்ல உங்களுக்கு விலை ஏறிடும் மேடம்" என்றான்.

"ஏறட்டும். எல்லாருக்கும் ஏறி எறங்கினேதான இருக்கும்? எப்பவும் யாராவது ஒருத்தருக்கு மலிவா வரும்ல. அந்த ஆளு உள்ள வந்து நிக்கும். எங்களுக்கு ஒரு கண்ணு போதும்பா."

அவன் இறங்கிப் போகவில்லை. இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

ரோஸ்லின் கோலுக்கு வந்தாள். காலி ஸ்டாண்டைப் பார்த்தாள், உச்சியில் ஒற்றை ஆளைப் பார்த்தாள். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. சொல்வதற்கு நல்ல சேதி எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் லூர்து கையை ஓங்கி இரும்பில் ஓர் அடி அடித்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உள்ளங்கைகளால், மதில் முழுக்கத் திருப்பி அடித்தார்கள்.